விஷவாயு கசிந்தால் எந்தத் தெருவுக்கு வரும்? காற்று, குளிர், மேடுபள்ளம்

கரையோரத்தான்:
வணக்கம். எங்கள் ஊரை ஒட்டி ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. குளோரின், அமோனியா இரண்டும் டேங்கர்களில் வந்து போகும். ஊராட்சி அலுவலகச் சுவரில் இப்போது ஒரு அவசரகால வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். ஆலையை நடுவில் வைத்துக் கவராயத்தால் இழுத்தாற்போல இரண்டு வட்டம், உள்ளே சிவப்பு, வெளியே மஞ்சள். என் வீடு மஞ்சளில் வருகிறது. சிவப்பில் இருக்கும் என் மச்சான் பயப்படுகிறார், மஞ்சளுக்கு வெளியே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

வாயு இப்படி வட்டமாகவா பரவும்? போபாலில் எப்படிப் பரவியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பலூன்_தாத்தா:
வட்டமாகப் பரவாது தம்பி. வேலை செய்த காலம் முழுக்க வானிலைத் துறையில் பலூன் விட்டவன் நான். விடிகாலை 5.30க்கு ஒன்று, மாலை 5.30க்கு ஒன்று. மேலே போகப்போக வெப்பத்தையும் காற்றையும் அளக்கும் அந்தப் பலூன் கொண்டுவரும் கணக்கிலேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

நல்ல வெயில் நேரத்தில் தரை சூடாகி, மேலே உள்ள காற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கும். கசிந்த வாயு ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து நீர்த்துப்போகும். இரவில் நிலைமை மாறிவிடும். மேகம் இல்லாமல் காற்றும் அடிக்காமல் இருந்தால் தரை வேகமாகக் குளிரும், தரையை ஒட்டிய காற்றும் அதோடு குளிரும், அதற்கு மேலே உள்ள காற்று சூடாகவே நிற்கும். உயரம் போகப்போகக் குளிரவேண்டிய காற்று அங்கே சூடாகிக்கொண்டு போகிறது. இதற்கு எங்கள் துறையில் இன்வர்ஷன் என்று பெயர். கீழே உள்ள குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாது. அதில் கலந்த எதுவும் ஏறாது. விடிகாலைப் பலூன் பல நாட்களில் முதல் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே இதைக் காட்டிவிடும்.

அதனால் ஒரே அளவு வாயு மதியம் 2 மணிக்குக் கசிவதும் நள்ளிரவு 2 மணிக்குக் கசிவதும் ஒரே விபத்து அல்ல. மதியம் மூக்கு எரிச்சலோடு முடிவது, இரவில் பிணமாக முடியலாம்.

வடிவத்தைப் பற்றியும் சொல்கிறேன். வாயு போகும் பாதை காற்று போகும் பக்கமாக நீண்ட ஒரு பட்டை. பகலில் அது அகன்றும் குட்டையாகவும் இருக்கும், இரவில் குறுகியும் நீண்டும் இருக்கும். ஆலைக்கு அரைக் கிலோமீட்டரில், காற்று வருகிற பக்கம் இருப்பவர் வாசனைகூட அறியாமல் தூங்குவார். நாலு கிலோமீட்டரில், காற்று போகிற பக்கம் இருப்பவர் இருமிக்கொண்டு எழுவார்.

மோர்மிளகாய்:
ஒரு சந்தேகம் சார். காற்றே இல்லாத இரவு என்றால் நல்லதுதானே? வாயு ஆலைக்குள்ளேயே நின்றுவிடாதா?

பலூன்_தாத்தா:
நிற்காது. காற்றின் வேகம் பாதியானால் அதே இடத்தில் வாயுவின் அடர்த்தி ஏறக்குறைய இருமடங்கு ஆகும், கலந்து நீர்க்க வைக்க ஆள் இல்லாததால். இன்னொரு வம்பும் உண்டு. மெல்லிய காற்றுக்கு நிலையான திசை கிடையாது. கால் மணி நேரம் தெற்கே நகரும், பிறகு கிழக்கே திரும்பும். விமான நிலையத்துக் கருவி 'காற்று அசைவில்லை' என்று குறித்த நேரத்தில், ஊருக்குள் அது தெருத்தெருவாக ஊர்ந்துகொண்டிருக்கும். காற்றை அளக்கும் எங்களுக்கே கையை விரிக்கச் செய்வது இந்த மாதிரி இரவுகள்தான். புயலைக்கூடக் கணித்துவிடலாம்.

பிப்லானி_பெண்:
போபாலைக் கேட்டீர்கள், நான் அங்கே வளர்ந்தவள். அப்பாவுக்கு பெல் தொழிற்சாலையில் வேலை. பிப்லானி குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1984 டிசம்பர் 2 இரவு நாங்கள் தூங்கித்தான் கிடந்தோம், விடிந்த பிறகுதான் தெரியும். பழைய நகரத்தில் இருந்தவர்களுக்கு விடியவே இல்லை.

யூனியன் கார்பைடு ஆலை பழைய நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருந்தது. எதிர்ச்சாரியிலேயே ஜே.பி. நகர், அதைத் தாண்டி காஜி கேம்ப், அப்புறம் ரயில் நிலையம், நெரிசலான பழைய தெருக்கள். நள்ளிரவு தாண்டி 610ஆம் எண் தொட்டியிலிருந்து பூச்சிமருந்து செய்யப் பயன்படும் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷ ரசாயனம் சுமார் 40 டன் வெளியேறியது. காற்று மெல்ல வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, அதாவது ஆலையிலிருந்து ஊரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. டிசம்பர் குளிர், தெளிந்த வானம். தாத்தா சொல்வதெல்லாம் அப்படியே இருந்த இரவு.

எங்கள் ஊரில் பிறகு எல்லோரும் பேசிக்கொண்டது ஒன்று உண்டு. ஜனங்கள் ஆலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் ஓடுவார்கள், இல்லையா? ஆனால் அவர்கள் ஓடிய திசையும் வாயு போன திசையும் ஒன்றாக இருந்தது. ஓட ஓட மூச்சு வாங்கியது, மூச்சு வாங்க வாங்க உள்ளே போனது. ரயில் நிலையத்தில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஏரிகளுக்குத் தெற்கே இருந்த புதிய போபால் பெரும்பாலும் தப்பியது.

பிற்பாடு அரசு 56 வார்டுகளில் 36ஐ வாயு பாதித்த வார்டுகள் என்று அறிவித்தது. நிவாரணம், அட்டை, மருத்துவம் எல்லாம் அந்த எல்லைக்கோட்டைப் பொறுத்தே நடந்தது. அந்த ஒரு இரவில் காற்று எங்கே போனது என்பது பல வருஷங்களுக்கு அரசியலாக நின்றது.

சேஃப்டி_சீனி:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவன். பத்திரிகையில் எப்போதும் வரும் விளக்கம், 'மெத்தில் ஐசோசயனேட் காற்றைவிட இரண்டு மடங்கு கனம், அதனால் தரையோடு தவழ்ந்தது' என்பது. பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாவிட்டால் தப்பான முடிவுக்குப் போய்விடுவோம்.

மூலக்கூறு எடை 57, காற்றுக்கு 29. கசியும் வாய்க்குப் பக்கத்தில் அந்தக் கனம் பெரிய விஷயம்தான். ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் காற்று கலந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு வாயு, மீதி காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தில் ஐசோசயனேட்டுக்கு அதுவே பயங்கரமான அளவு. அந்தக் கலவை வெறும் காற்றைவிட எவ்வளவு கனம்? ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்றின் வெப்பநிலை 0.3 டிகிரி குறைந்தாலே அவ்வளவு கனம் கூடிவிடும். டிசம்பர் இரவில் தரைக்கும் கூரைக்கும் நடுவே அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். ஆக ஒரு கிலோமீட்டர் தாண்டிய பிறகு வாயுவைத் தரையோடு பிடித்து வைத்தது அதன் எடையைவிட அந்த இரவின் குளிர் என்பது என் கட்சி.

இதே கணக்கை எல்லா வாயுவுக்கும் போடக்கூடாது. கரியமிலவாயு நூற்றுக்குப் பத்துப் பங்கு இருந்தால்தான் ஆளை உடனே சாய்க்கும். அவ்வளவு அடர்த்தியில் அது கடைசி வரைக்கும் கனமான வாயுதான், பள்ளம் தேடித்தான் போகும். குளோரின் இரண்டுக்கும் நடுவில்.

அமோனியா இன்னும் வேடிக்கை. எடை 17தான், காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் டேங்கரில் அது அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. மைனஸ் 33 டிகிரியில் கொதிப்பது. உடைந்தால் குளிர்ந்த துளிகளும் வெள்ளைப் புகையுமாகத் தரையோடு படர்ந்து வரும். லேசான வாயுதானே என்று பக்கத்தில் போனவன் கதை அவ்வளவுதான்.

உதகை_உருளை:
பள்ளம் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம். ஊட்டியில் ஜனவரி விடிகாலையில் உறைபனி எங்கே விழும் தெரியுமா? தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம். எல்லாம் தாழ்வான இடங்கள். மேலே சரிவில் இருக்கும் தேயிலை பச்சையாக நிற்கும், கீழே இருப்பது கருகிப்போகும். சரிவில் குளிர்ந்த காற்று இரவு முழுக்கத் தண்ணீர் போல வழிந்து அடியில் தேங்குவதுதான் காரணம். தோட்டக்காரர்கள் யாரும் இதற்காக இயற்பியல் படிக்கவில்லை. பனி பார்த்தே எந்த வயலில் என்ன போடலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த வழியிலேயே விஷவாயுவும் வழியும் என்று யோசித்தால் கேமரூன் நாட்டு நியோஸ் ஏரி புரியும். 1986 ஆகஸ்ட் 21, இரவு ஒன்பது மணி வாக்கில், எரிமலைப் பள்ளத்தில் நிரம்பிய அந்த ஏரியின் அடியில் கரைந்து கிடந்த கரியமிலவாயு ஒரே மூச்சாக வெளியே வந்தது. ஆலை கிடையாது, குழாய் கிடையாது, யார் தவறும் கிடையாது. மலை மேலே இருந்த ஏரியிலிருந்து வாயு பள்ளத்தாக்குகளில் இறங்கி, நியோஸ், சா, சுபும் என்று ஊர் ஊராகப் போனது. 25 கிலோமீட்டர் வரை எட்டியது. 1,746 பேர் இறந்தார்கள், கால்நடை 3,500. அதே மலையில் உயரமான இடத்தில் குடியிருந்தவர்கள் பிழைத்தார்கள். சீனி சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. 2001இல் ஏரிக்குள் குழாய் இறக்கி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கத் தொடங்கினார்கள்.

மோர்மிளகாய்:
அதற்கு இரண்டு வருஷம் முன்னாடி அதே நாட்டில் இன்னொரு ஏரி என்று படித்த ஞாபகம்.

உதகை_உருளை:
மொனூன் ஏரி. 1984 ஆகஸ்ட் 15. 37 பேர். சாலை தாழ்வாக இறங்கும் இடத்தில் விடிகாலையில் செத்துக் கிடந்தார்கள். முதலில் யாருக்கும் காரணமே பிடிபடவில்லை.

கேட்மீட்டிங்_முருகேசன்:
எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் எனக்கு இந்த இழை போகிற போக்கு பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். காற்று, குளிர், பள்ளம் என்று பேசப் பேச, கம்பெனி மெல்ல நழுவிவிடுகிறது. போபாலில் தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் வேலை செய்யவில்லை, குழாய் கழற்றிக் கிடந்தது. கழுவிச் சுத்திகரிக்கும் கருவியால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை. ஊருக்குக் கேட்கிற சைரனைச் சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு 'அன்றைக்குக் காற்று அப்படி' என்றால், நாளைக்கு கோர்ட்டில் வக்கீல் இதையேதான் வாசிப்பார். கடவுள் செயல் என்று.

சேஃப்டி_சீனி:
தோழர், நீங்கள் சொன்ன பட்டியலில் ஒரு வரிகூட மறுக்க மாட்டேன். ஆனால் வானிலையைப் பேசினால் கம்பெனி தப்பிக்கும் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். நேர் எதிர்.

போபாலில் டிசம்பர் இரவு குளிர்ந்து அசையாமல் கிடப்பது அதிசயமா? வருஷா வருஷம், வாரத்தில் பல இரவு அப்படித்தான். ஊர் ஆலைக்குத் தெற்கே இருப்பது ரகசியமா? வருஷத்தில் எத்தனை நாள் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு படம் இருக்கிறது, விண்ட் ரோஸ் என்போம், எந்த வானிலை நிலையத்திலும் கிடைக்கும். அப்படிப்பட்ட இரவில், அந்தப் பக்கம் அத்தனை பேர் படுத்திருக்கும்போது, இரவு நேரத்தில் அந்தத் தொட்டியை அந்த நிலையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் குற்றம். வானிலை எதிர்பாராதது என்றால்தான் அது சாக்கு. எதிர்பார்க்கக்கூடியது என்று காட்டிவிட்டால் அது குற்றப்பத்திரிகையில் இன்னொரு வரி.

அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. பெரிய ரசாயன ஆலைகள் மோசமான நிலைக்குக் கணக்குப் போடும்போது சராசரிக் காற்றை எடுக்கக்கூடாது. நொடிக்கு 1.5 மீட்டர் காற்று, இரவு போன்ற அசையாத வளிமண்டலம், இதை வைத்துத்தான் போட வேண்டும். நம் ஊர் அறிக்கைகளில் '5டி', '2எஃப்' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். முதல் எண் காற்றின் வேகம், நொடிக்கு இத்தனை மீட்டர். எழுத்து, வளிமண்டலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பது. பாஸ்குவில் என்ற ஆங்கிலேயர் 1961இல் வகுத்த வரிசை. ஏ என்றால் உச்சி வெயில் கொந்தளிப்பு, எஃப் என்றால் தெளிந்த இரவின் அசைவின்மை. 5டியில் போட்டால் ஆபத்து எல்லை சிறியதாக வரும், 2எஃப்பில் போட்டால் ஊரையே தாண்டும். எதைச் சுவரில் ஒட்டுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேட்மீட்டிங்_முருகேசன்:
அப்படி வாருங்கள் வழிக்கு. அந்த '2எஃப்' விஷயத்தை எங்கள் சங்க நோட்டீஸில் போடுகிறேன்.

பிப்லானி_பெண்:
முருகேசன் அண்ணா கோபத்துக்கு நியாயம் உண்டு. அதே டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. ஆலையில் மிச்சமிருந்த மெத்தில் ஐசோசயனேட்டை என்ன செய்வது என்று யோசித்து, அதைப் பூச்சிமருந்தாக மாற்றித் தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தலைமை தாங்கியவர் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். தலைவர் எஸ். வரதராஜன். 'ஆபரேஷன் ஃபெய்த்' என்று பெயர். டிசம்பர் 16 காலையில் தொடங்கினார்கள். சுற்றிலும் ஈரச் சாக்குத் துணி, மேலே ஹெலிகாப்டரில் தண்ணீர் தெளிப்பு. நம்பிக்கை என்று பெயர் வைத்தும் லட்சக்கணக்கானோர் அதற்குள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். நாங்களும் இட்டார்சிக்குப் போய்விட்டோம். பகல் வெளிச்சத்தில், முன்னேற்பாட்டோடு, சொல்லிவிட்டுச் செய்தால் அதே வாயுவை அதே ஆலையில் அடக்க முடியும் என்பதற்கு அந்த வாரம் சாட்சி.

பலூன்_தாத்தா:
பள்ளத்தாக்கில் ஆலை வைத்தால் கசியக்கூட வேண்டாம், தினசரிப் புகையே போதும். 1930 டிசம்பர் முதல் வாரம், பெல்ஜியத்தில் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் குன்று, நடுவில் வரிசையாக ஆலைகள். சில நாள் இன்வர்ஷன் விலகாமல் நின்றதில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா. மொனோங்காகிலா ஆறு வளையும் இடத்தில் ஒரு துத்தநாக ஆலை. மூடுபனி என்று நினைத்து ஊர்வலம் விட்டார்கள், கால்பந்து ஆடினார்கள். 20 பேர் இறந்தார்கள், ஊரில் பாதிப் பேருக்கு நோய். ஞாயிற்றுக்கிழமை மழை வந்துதான் கலைந்தது. ஆலை அன்றைக்கு விட்டது வழக்கத்தைவிட அதிகம் அல்ல. காற்று மட்டும் எடுத்துப் போகவில்லை.

கரையோரத்தான்:
கடற்கரை ஊருக்கு இதெல்லாம் பொருந்துமா ஐயா? எங்களுக்குக் காற்று எப்போதும் இருக்குமே.

பலூன்_தாத்தா:
எப்போதும் இருக்கிறது என்று நினைப்பதுதான் கடற்கரைக்காரர்களின் வியாதி! பகலில் கடல்காற்று, இரவில் தரைக்காற்று. நடுவே இரண்டும் கைமாறும் நேரம் ஒன்று உண்டு, காலை ஒன்பது, பத்து மணி வாக்கிலும் இரவிலும். அப்போது மரத்து இலை அசையாது. இரவு கடல் பக்கம் போன புகை காலையில் திரும்பிவருவதும் உண்டு.

கடல்காற்று இன்னொரு வேலையும் செய்யும். கடல் மேலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, மேலும் கீழும் புரளாதது. கரையோர ஆலையின் உயரமான புகைபோக்கியிலிருந்து வருவது அதில் மேலேயே மிதந்து உள்நாட்டுக்குப் போகும். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சில கிலோமீட்டர் உள்ளே, வெயிலில் காய்ந்த தரை காற்றைப் புரட்ட ஆரம்பிக்கும் இடத்தில், மேலே போனதெல்லாம் ஒரே அடியாகக் கீழே இறங்கும். பக்கத்து வீட்டுக்காரனை விட்டுவிட்டுத் தூரத்து ஊர்க்காரனுக்கு மூக்கு எரிந்தால் இதுதான் சங்கதி.

நெட்டுக்குப்பம்:
எங்கள் எண்ணூர்ப் பக்கம் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் அமோனியா குழாய் கசிந்தது. மிக்ஜாம் வெள்ளம், எண்ணெய்க் கசிவு எல்லாம் முடிந்த அதே மாதம். ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள், பலர் ஆஸ்பத்திரியில். எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. வாடைக் காலம், கடலில் போகிறவனுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று முகத்தில் படும்போதே தெரியும். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், கண் எரியும்போது அதெல்லாம் நினைவுக்கு வருமா சொல்லுங்கள்.

மோர்மிளகாய்:
அப்படியானால் நடைமுறைக்கு என்னதான் செய்வது? ஓடுவதா, வீட்டுக்குள் இருப்பதா, மொட்டை மாடிக்குப் போவதா?

சேஃப்டி_சீனி:
ஒரே பதில் கிடையாது, ஆனாலும் சொல்கிறேன்.

ஓட முடிந்தால் காற்றுக்குக் குறுக்கே ஓடுங்கள். வாயுப் பட்டை இரவில் குறுகலானது, பக்கவாட்டில் சில நூறு மீட்டர் போனாலே வெளியே வந்துவிடலாம். காற்றோடு சேர்ந்து ஓடினால் அது உங்களோடு கூடவே வரும். மேடு இருந்தால் மேட்டுக்குப் போங்கள். சுரங்கப்பாதை, வாய்க்கால், கல்வெர்ட்டுக்கு அடியில் மட்டும் பதுங்காதீர்கள்.

வெள்ளைப் புகை ஏற்கெனவே தெருவில் வந்துவிட்டால், பல நேரம் வீட்டுக்குள் இருப்பதே மேல். கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் நிறுத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, அகலமான உள்ளறையில் இருங்கள். வெளியில் அடர்த்தி உச்சத்தில் இருக்கும்போது உள்ளே அதில் கொஞ்சம்தான் இருக்கும். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, யாரும் சொல்லித்தருவதில்லை. வெளியே வாயு போய்விட்டதும் உடனே எல்லாக் கதவையும் திறந்துவிட வேண்டும். அப்போது உள்ளே இருப்பதுதான் அதிகம்.

மாடி நல்லதா என்றால், குளோரின் போன்றதற்கு ஆலைக்கு அருகில் மேல்மாடி உதவும். சாத்தாத மொட்டை மாடி உதவாது. குடிசை, ஓட்டு வீட்டுக்காரருக்கு இந்த ஆலோசனை பாதிதான் பயன்படும் என்பதும் உண்மை. சந்து வழியாகக் காற்று வரும் வீட்டில் எதைச் சாத்துவது?

2005 ஜனவரி 6 விடிகாலை அமெரிக்காவின் கிரானைட்வில்லில் சரக்கு ரயில் மோதி குளோரின் வெளியேறியது. துணி மில் இரவு ஷிப்ட் நடந்துகொண்டிருந்தது. ஊரே ஓடைப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, வாயு அங்கேயே தேங்கியது. 9 பேர் இறந்தார்கள், 5,400 பேரை வெளியேற்றினார்கள். அவ்வளவு குளோரினுக்கு 9 என்பது குறைவு என்பார்கள். ஊரில் ஆட்கள் குறைவு, அதுவும் ஒரு காரணம். போபால் போன்ற நெரிசலில் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

கண்ணம்மா_மதுரவாடா:
விசாகப்பட்டினத்திலிருந்து. 2020 மே 7 விடிகாலை மூன்று மணி, ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் கசிந்தது. எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலை, ஊரடங்கில் மூடிக் கிடந்து திறக்கவிருந்தது. உடனே 12 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில். வெங்கடாபுரம் நான் இருக்கும் இடத்திலிருந்து தூரம், ஆனால் எங்கள் நகரமே கிண்ணம் மாதிரி, வடக்கே கைலாசகிரி, தெற்கே யாரடா குன்றுகள், ஒரு பக்கம் கடல். அந்த நேரத்தையும் கவனியுங்கள். மறுபடியும் விடிகாலை. போபால் நள்ளிரவு, கிரானைட்வில் விடிகாலை, எண்ணூர் நள்ளிரவு. விபத்து இரவைத் தேடிப் போகிறதா?

சேஃப்டி_சீனி:
இல்லை அக்கா. பகலிலும் நிறைய கசிகிறது. அவை செய்தியாவதில்லை, ஏனென்றால் கலைந்துவிடுகின்றன. இரவில் கசிவதுதான் நமக்குப் பெயரோடு ஞாபகம் இருக்கிறது. ஆள் குறைவான ஷிப்ட், தூக்கம் என்று மற்றக் காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ தீயணைப்பு வண்டிகளில் ஒரு கையேடு வைத்திருப்பார்கள். டேங்கர் கவிழ்ந்தால் எவ்வளவு தூரம் ஜனங்களை அகற்றுவது என்று அதில் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பகலுக்கு ஒரு தூரம், இரவுக்கு ஒரு தூரம். இரவு தூரம் பல மடங்குகூட வரும். நம் வரைபடங்களில் அந்த இரண்டாவது எண்ணை நான் பார்த்ததில்லை.

மோர்மிளகாய்:
மழை வந்தால்?

சேஃப்டி_சீனி:
அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், மழையும் தீயணைப்பு நீர்த்திரையும் உதவும். குளோரின் கொஞ்சம்தான் கரையும். தேங்கிக் கிடக்கும் திரவத்தின் மேல் நேராகத் தண்ணீர் அடித்தால் மட்டும் அது இன்னும் வேகமாக ஆவியாகும், அதை யாரும் செய்யக்கூடாது.

கரையோரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. மாவட்ட நெருக்கடிக் குழுக் கூட்டம் கலெக்டர் தலைமையில் நடக்கப்போகிறது, ஊர் சார்பில் இரண்டு பேர் பேசலாம் என்றார்கள். என்ன கேட்கலாம்?

சேஃப்டி_சீனி:
அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதனால் தயங்காமல் கேளுங்கள். எல்லை வரைந்தது எந்த வானிலைக்கு, 5டியா 2எஃப்பா? இரவுக்குத் தனி எல்லை எங்கே? காற்றின் திசை காட்டும் ஆலையின் விண்ட்சாக் துணி ஊர்த் தெருவிலிருந்து இரவில் தெரிகிறதா, அதன் மேல் விளக்கு இருக்கிறதா? கடைசியாக, ஜனங்கள் ஓடிப்போய்ச் சேர வேண்டிய கூடுமிடம் எத்தனை? ஒன்று மட்டும் இருந்தால் காற்று அந்தப் பக்கம் போகும் நாளில் கூட்டமாகச் சாவதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குறைந்தது இரண்டு வேண்டும், ஆலைக்கு எதிரெதிர்ப் பக்கத்தில்.

உதகை_உருளை:
அந்த இடம் மேடா பள்ளமா என்றும் கேளுங்கள். டிசம்பர் விடிகாலையில் போய் நின்று பாருங்கள், மற்ற இடத்தைவிட அங்கே காலில் குளிர் அதிகம் ஏறினால் வேறு இடம் கேளுங்கள்.

கரையோரத்தான்:
இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கூடுமிடம் என்று பச்சைப் பலகை வைத்திருப்பது ஏரிப் பள்ளத்து விளையாட்டு மைதானத்தில். ஒன்றுதான் இருக்கிறது. போட்டோ எடுத்திருக்கிறேன், மனுவோடு இணைக்கிறேன்.

கேட்மீட்டிங்_முருகேசன்:
இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் கட்டாயம் சீல் வாங்கி வாருங்கள்.